கூட இருப்பவர்கள்

குணசீலம்

குணசீலத்தில் பேருந்தைவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தாலே யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வேண்டுதலுக்கு வந்தவர்கள் நேரே பூக்கடைக்குப் போவார்கள். மற்றவர்கள் ஒருவர் மணிக்கட்டை இன்னொருவர் பிடித்தபடி இறங்குவார்கள். திருச்சி-முசிறி சாலையில், காவிரியின் வடகரையில் இருக்கிறது பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனம் பேதலித்தவர்கள் ஒரு மண்டலம், 48 நாள், இங்கே தங்கினால் தெளிவார்கள் என்பது நம்பிக்கை. உச்சிக்காலத்திலும் இரவிலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள்.

போன வருஷம் என் அக்கா மகனும் இங்கே தங்கினான். 17 வயது. காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டவன், பள்ளிக்கூடத்தை விட்டான், சாப்பாட்டை விட்டான், கடைசியில் தூக்கத்தையும் விட்டான். அக்காவின் மாமியார் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, சண்டை போட்டேன். சண்டையில் அக்கா ஜெயித்தாள்.

ஆனால் அவளுக்கு வழி காட்டிய ஆளும் அந்தக் கோயிலில்தான் கிடைத்தார். மகளோடு வந்திருந்த நாமக்கல் பெரியவர் ஒருவர். "கோயிலையும் பாரும்மா, டாக்டரையும் பாரு. ரெண்டுல எது கேக்குதுன்னு சாமியே முடிவு பண்ணிக்கட்டும்" என்று சொல்லி, வேலூர் பாகாயத்து மனநல மையத்துக்கு எந்தப் பேருந்தில் ஏறுவது, அங்கே கூட இருப்பவர் எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாராம். நான் மாதக்கணக்கில் வாதாடிச் செய்ய முடியாததை அவர் ஒரு தாளில் முடித்துவிட்டார்.

தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. மருந்து இல்லாமலே நோய்க்குறிகள் 20 சதவீதத்தை ஒட்டிக் குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, ஆதரவான சூழல்தான் காரணமாக இருக்கும் என்றார்கள் ஆய்வாளர்கள். வழிபாட்டு இடம் என்றாலே அப்படி என்று சொல்ல வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தர்கா அருகே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள்.

இந்த முறை அக்கா கோயிலில் அதிக நேரம் நிற்கவில்லை. கையில் ஒரு பை, கக்கத்தில் புதுக் கோரைப்பாய். முசிறிப் பக்கத்துக் கோரைப்பாய் பேர்போனதுதான். ஆனாலும் பெங்களூர் வரைக்கும் பாய் சுமப்பானேன் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரித் தரை ராத்திரில ஜில்லுனு ஏறும்டா" என்றாள். மகனை மாமாவிடம், அவன் அப்பாவிடம், விட்டுவிட்டு அவள் வெளியூர் கிளம்பியது இதுதான் முதல் தடவை. பேருந்து சமயபுரம் தாண்டுவதற்குள் வீட்டுக்கு நாலு போன்.

பாகாயம்

திருவண்ணாமலை தாண்டியதும் பச்சை மெல்ல மெல்லக் கழன்றுவிடுகிறது. போளூர், கண்ணமங்கலம் என்று போகப்போகப் பாறைக் குன்றுகளும் வேலிகாத்தானும்தான். வாய்க்கால் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த ஊர் வெயில் ஒரு மிரட்டல். கணியம்பாடிக்கு அப்புறம் பாகாயம் வருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அதன் மனநல மையமும் இங்கேதான்.

மையம் 1957-இல் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் தொடங்கிவைத்தார். மனநல மருத்துவமனை என்றால் ஊருக்கு வெளியே உயரமான மதில், உள்ளே விட்டால் உறவு அறுந்தது என்றிருந்த காலம். பாகாயத்தில் விதியே தலைகீழ்: நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் வந்து தங்க வேண்டும். கிட்டத்தட்ட அதே காலத்தில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார். ஆள் பற்றாக்குறையும் இடப் பற்றாக்குறையும் அவரை அதற்குத் தள்ளியிருக்கலாம். ஆனால் குடும்பம் கூட இருந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள், வீடு திரும்பினார்கள். வேலூர் அனுபவத்தை ஆபிரகாம் வர்கீஸ் 1988-இல் இந்திய மனநல மருத்துவ இதழில் எழுதினார். நாவல் எழுதிய ஆபிரகாம் வர்கீஸ் வேறு ஆள்.

அக்காவுக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டாம். அவள் சொல்வது ஒரு வரி: "பையன மட்டும் சேக்கலடா, என்னையும் சேத்துத்தான் அட்மிஷன் போட்டாங்க."

பெங்களூர் போகிற வழியில் நாங்கள் தங்கிய விடுதியில் ஸ்டவ்வும் பாத்திரமும் நாள் வாடகைக்குக் கொடுத்தார்கள். வேலூரில் இது சாதாரணம். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மாதக்கணக்கில் வந்து கிடக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி வங்காள எழுத்தில் பலகை, கடுகெண்ணெயில் பொரித்த மீனோடு சாப்பாடு. சாயங்காலம் மொட்டை மாடிக் கொடிகளுக்கு நடுவே ஐந்தாறு அம்மாக்கள் கூடிவிட்டார்கள். பெயர் யாரும் கேட்கவில்லை. ஆசன்சோல் அம்மா, சித்தூர் அம்மா, தர்மபுரி அம்மா. ஆசன்சோல் அம்மாவுக்குத் தமிழ் வராது, அக்காவுக்கு இந்தி வராது. அந்த அம்மா விரல்களை விரித்து ஒரு மாத்திரையைக் காட்டிவிட்டுத் தன் வயிற்றைச் சுற்றிக் கையால் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். குண்டு வைக்கிறதே என்று அர்த்தம். அக்கா தன் போனில் பையனின் போட்டோ இரண்டைக் காட்டினாள், முந்தையது, இப்போதையது. பிறகு வெள்ளரிக்காயைக் காட்டி, பரோட்டாவைக் கையால் தள்ளிக் காட்டி, கால்களை வீசி நடந்து காட்டினாள். அந்த அம்மா சிரித்துவிட்டாள்.

இந்தக் கூட்டத்தை ரொம்பவும் புகழ்ந்துவிடக் கூடாது. சித்தூர் அம்மா, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும், மாத்திரையை மெல்ல நிறுத்திவிடலாம் என்று ஆரம்பித்தாள். "உங்க பையன் அளவுக்கு எம் பொண்ணுக்கு மோசமில்ல" என்றும் சொன்னாள். பிள்ளைகளின் நோயில்கூட முதல் ரேங்க், கடைசி ரேங்க். அக்கா விடவில்லை. "டாக்டரக் கேக்காம நிறுத்தி, நான் பட்டது போதும்மா. நீங்க படாதீங்க" என்றாள். மருத்துவர் இதையே சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பாள் அந்த அம்மா. இங்கே ஆட்டாமல் அக்கா முகத்தையே பார்த்தாள்.

வேலூரிலேயே நடந்த ஒரு சோதனை 1999-இல் பிரசுரமானது. அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்குப் பத்து வாரம் விரிவுரை. இன்னொரு பகுதியினருக்கு அதே காலம் கலந்து பேசும் குழுக் கூட்டம். பேசியவர்களிடம்தான் பிள்ளையைப் பார்க்கும் பார்வை மாறியிருந்தது. மொட்டை மாடியில் ஒரு மருத்துவரும் இல்லை என்பதுதான் குறை. ஒருவர் இருந்திருந்தால் அவர்கள் இப்படிப் பேசியிருப்பார்களா என்பது வேறு கேள்வி.

தர்மபுரி அப்பா மட்டும் தண்ணீர்த் தொட்டி ஓரமாகவே நின்றார். ஊரில் கேட்டவர்களிடம் பையன் நீட் கோச்சிங்கில் இருக்கிறான் என்று சொல்லியிருப்பதாக அவர் மனைவி சொன்னாள்.

ஆம்பூர் வழியாக

காட்பாடியில் ரயில் ஏறினால் வழியில் அங்கங்கே பாலாறு, பெரும்பாலும் மணலாக. ஆம்பூரில் சீரகச்சம்பா பிரியாணிப் பொட்டலம் வாங்கினேன். காய்ந்த மிளகாய் அரைத்த அந்தச் செம்மை, கூடவே கத்தரிக்காய்ப் பச்சடி. அன்று அக்காவுக்குப் பெருமாள் விரதம். அவள் தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள். ஜோலார்பேட்டைக்கு மேலே மலை ஏற ஏறக் காற்று மாறியது.

தங்கவயல்

பங்காருப்பேட்டையில் வண்டி மாறிக் கோலார் தங்கவயலுக்குப் போனோம். பாகாயத்தில் அக்காவுக்குப் பக்கத்து அறையில் இருந்தவளின் ஊர். எங்களுக்கு அவள் தங்கவயல் அம்மா. அவளுடைய 16 வயது மகளுக்கு மனநிலை ஒரு சமயம் உச்சிக்கு ஏறும், தூக்கமே இல்லாமல் பேசிக்கொண்டே இருப்பாள். இன்னொரு சமயம் கட்டிலைவிட்டு எழ மாட்டாள். தேறி வீட்டுக்குப் போன பெண்ணுக்கு மறுபடி வந்துவிட்டது. இப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

ஊருக்குள் நுழைகையில் முதலில் தெரிவது மலைகள் அல்ல, மலை மாதிரிக் குவிந்த சயனைடு மண். ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் வந்து தோண்ட ஆரம்பித்த ஊர். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில் இறங்கிப் பாறை உடைத்தார்கள். 2001 பிப்ரவரி 28-உடன் சுரங்கம் மூடப்பட்டது. அன்றுமுதல் ஊரில் நிறைய பேர் விடிவதற்கு முன் ரயிலேறிப் பெங்களூர் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். தங்கவயல் அம்மாவின் கணவரும் அப்படித்தான்.

வீட்டில் அவருடைய அம்மாவும் இளைய பையனும் இருந்தார்கள். பாட்டி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "பொண்ணு எப்ப வருது?" என்றாள். "ஹாஸ்டல்ல பரீட்ச நடக்குது" என்றார் பாட்டி, கண் சிமிட்டாமல். அவள் போன பிறகு அக்கா சும்மா இருக்கவில்லை. ஏன்மா, சொன்னால்தான் என்ன என்று கேட்டாள்.

பாட்டி நேராகப் பதில் சொல்லவில்லை. "எங்க வூட்டுக்காரரு சுரங்கத்துல இருந்த காலத்துல, கீழ பாறை வெடிச்சா லைன்ல இருக்கற பாத்திரமெல்லாம் ஆடும். அடுப்ப அப்படியே போட்டுட்டு ஷாஃப்டாண்ட ஓடுவோம். யாரு வூட்டு ஆம்பள கீழ கீறான்னு தெரியாது. எல்லாரும் ஒண்ணாத்தான் நிப்போம். யாரு வூட்டு ஆம்பள மேல வந்தாலும் எல்லாரும்தான் அழுவோம்." கொஞ்ச நேரம் தம்ளரைப் பார்த்தார். "இதுக்கு எங்க போயி நிக்கிறது, சொல்லு?"

இளையவனுக்குப் பதினொரு வயது இருக்கும். வீட்டில் எல்லோரும் அவன் அக்காவைப் பற்றியே பேசுவதால் அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னிடம் ஒரு கிரிக்கெட் பந்தைக் காட்டினான். பிறகு என் அக்காவிடம் போய், "எங்க அக்காவுக்கு வந்தது எனக்கும் வருமா?" என்று கேட்டான். நான் பதறி, அதெல்லாம் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "தெரியல சாமி. நெறைய பேருக்கு வராது. தூக்கம் வரலன்னாலோ, மனசு என்னமோ மாதிரி இருந்தாலோ ஒளிக்காம வந்து சொல்லிடு. என் நம்பர எழுதிக்க." அவன் கணக்கு நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டான்.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் மூன்று பிள்ளைகள். அந்தந்த வகுப்பு ஆசிரியர் யாரென்று கேட்டால் சொல்லிவிடுவார், வீட்டில்தான் ஹாஸ்டல் என்கிறோம். அக்கா மகன் தேறிய பிறகு அவனைத் திரும்பச் சேர்க்க ஒரு பள்ளிக்கூடம் காட்டிய தயக்கத்தைப் பார்த்தவன் நான். அதனால் பாட்டியின் பொய்யை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

மறுநாள் விடியற்காலை ஸ்டேஷனுக்கு நடக்கும்போது தெருமுனையில் பக்கத்து வீட்டு அம்மாள் நின்றிருந்தாள். அக்கா கையில் ஒரு டப்பாவைத் திணித்தாள். "முறுக்கு. நிம்ஹான்ஸ்ல இருக்குற புள்ளைக்குக் குடுங்க. கெழவிகிட்ட சொல்லாதீங்க, மனசு ஒடஞ்சிடும்."

பெங்களூர்

மாரிக்குப்பம் வண்டியில் நிற்கக்கூட இடமில்லை. ஒரு மூலையில் சீட்டாட்டம், ஒரு மூலையில் பக்திப்பாட்டு, பெண்கள் நின்றபடியே பூத்தொடுக்கிறார்கள். ஒயிட்ஃபீல்டில் பாதிக் கூட்டம் இறங்கியது.

ஓசூர் ரோட்டில் வாகன இரைச்சல் காதைப் பிளக்கிறது. நிம்ஹான்ஸ் வாசலுக்குள் பத்தடி வைத்ததும் மரங்கள் அதை விழுங்கிவிடுகின்றன. பழைய மைசூர் அரசு மனநோய் மருத்துவமனையையும் 1954-இல் உருவான அகில இந்திய மனநல நிறுவனத்தையும் இணைத்து 1974-இல் அமைந்த வளாகம். மறுவாழ்வுப் பிரிவில் சிகிச்சை பெறுபவர்கள் வேலைசெய்யும் பேக்கரி இருக்கிறது. அந்த ரொட்டியைத்தான் தங்கவயல் அம்மா கையில் வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தவள் அருகே வரவில்லை.

"மறுபடியும் இங்க வந்து நிக்கறேன் பாருங்கக்கா. எங்கயோ நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

இந்த வாக்கியத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. மனச்சிதைவு நோயை உண்டாக்குவதே தாய்தான் என்ற கருத்தை 1948-இல் ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் எழுத்தில் வைத்தார். அமெரிக்காவில் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அதைச் சுமந்தார்கள். 1979-இல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் பெற்றோர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டதற்கு அந்தக் குற்றச்சாட்டின் மீதிருந்த கோபமும் ஒரு காரணம். பெங்களூரில் 'ஆமென்ட்', சென்னையில் 'ஆஷா' என்று குடும்பங்களே நடத்தும் அமைப்புகள் பிறகு இங்கேயும் வந்தன. அந்தக் கோட்பாட்டை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. அம்மாக்கள் இன்னும் விடவில்லை.

அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "சுகர் ஏறுனா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போறதில்லையா? நாளைக்கு எம் பையனுக்கும் திரும்ப வரும், வந்தா நீ வந்து எங்கூட ஒக்காரு" என்றாள். பிறகு பாயை நீட்டினாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87-ஆவது பிரிவுப்படி, 18 வயதுக்குக் கீழே இருப்பவரைச் சேர்த்தால் பெரியவர்களோடு வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் துணையாளோ முழு நேரமும் கூடவே தங்க வேண்டும். பெண்பிள்ளை என்றால் தங்குவது பெண்ணாக இருக்க வேண்டும். நல்ல சட்டம்தான், பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடிவிட முடியாது. ஆனால் அந்தப் பெண் யார் என்று சட்டம் கவலைப்படுவதில்லை. தங்கவயல் அம்மாவுக்கு மாற்றாள் இல்லை. மாமியாரால் படியேற முடியாது. அதனால் சேர்த்த நாளிலிருந்து இளையவனின் முகத்தையே அவள் பார்க்கவில்லை. அமர்த்தும் துணையாளாக அக்கா வந்திருக்கிறாள். போனிலேயே மருத்துவர்களிடம் கேட்டு இரண்டு பேரும் எல்லாம் முடிவுசெய்திருந்தார்கள். என்னை அழைத்து வந்தது, திரும்பும்போது தங்கவயல் அம்மாவோடு துணைக்குப் போக.

மகளைப் பற்றிய குறிப்புகளை ஒப்படைப்பதற்கு ஒரு மணி நேரம் ஆனது. எத்தனை மணிக்கு மாத்திரை, எந்த மாத்திரையைத் துப்பிவிடுவாள், லித்தியம் எடுப்பதால் எவ்வளவு தண்ணீர் குடிக்க வைப்பது, எந்தப் பாட்டைக் கேட்டால் அழுவாள், எப்போது பேச்சுக்கொடுக்கவே கூடாது. அக்கா எதற்கும் குறுக்கே கேட்கவில்லை. முறுக்கு டப்பாவைப் பார்த்ததும் தங்கவயல் அம்மா யார் கொடுத்தது என்று கேட்டாள். அக்கா சொன்னாள். "அவளுக்குத் தெரியுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மாரிக்குப்பம் வண்டி

சாயங்கால வண்டியில் அவள் கணவரும் வந்து சேர்ந்துகொண்டார். கே.ஆர்.புரம் வருவதற்குள் தங்கவயல் அம்மா தூங்கிவிட்டாள். அவர் ஒயிட்ஃபீல்டு வரைக்கும் வாயே திறக்கவில்லை. பிறகு, "தம்பி, உங்க மாமா வேலைய எப்படிச் சமாளிச்சாரு?" என்றார்.

எனக்கு என்ன தெரியும்? மாமா அந்த ஒரு வருஷத்தைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அக்கா பேசுவாள், மாமா டி.வி. பார்ப்பார். போனைப் போட்டுக் கையில் கொடுத்தேன்.

முதலில் இரண்டு பக்கமும் "ஆங்", "சரிங்க". அப்புறம் மாமா தரப்பில் ஏதோ உடைந்த மாதிரி பேச்சு வர ஆரம்பித்தது. பெட்டிக்குள் எனக்கே கேட்டது. சம்பளமில்லா விடுப்பில் போய்விட்டுத் திரும்பியதும் ஆலையில் பார்த்த பார்வை. பி.எஃப். முன்பணம் வாங்கியது: படிவம் 31, குடும்பத்தாரின் நோய்க்கு எடுக்கலாம், மனநோய்க்கும் உண்டு, கிளர்க் இல்லை என்று சாதிப்பார், விடாதீர்கள். உடல் நோய்க்குத் தருகிற மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, கம்பெனி பாலிசியை எடுத்துப் பாருங்கள். அவர் என்னிடம் பேனா கேட்டு, ரயில் சீசன் டிக்கெட்டின் உறையில் எழுதிக்கொண்டார்.

மாலூர் தாண்டியது. இப்போது இவர் பேசிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு வீட்டில் சமையல் பிரச்சினை. அக்கா வைத்துவிட்டு வந்த குழம்பு நேற்றோடு தீர்ந்துவிட்டது, பையன் கடைச் சாப்பாடு வேண்டாம் என்கிறான்.

"மல்லாட்ட இருக்குதா வூட்ல? ஒரு கை வறுத்து எடுங்க, தோல ஊதிடுங்க. காஞ்ச மொளகா நாலு, பூண்டு ரெண்டு பல்லு. புளி கொஞ்சமா வைங்க, சொல்லிட்டேன். பையன அரைக்கச் சொல்லுங்க சார், நீங்க அரைக்காதீங்க."

பங்காருப்பேட்டையில் வண்டி நிற்கும்வரை அடுப்பில் என்ன வாசனை வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.